மன்னிக்கும் உரிமை

பாதிக்கப்பட்டவர்களிடம் "மன்னித்துவிடுங்கள்" என்று சொல்லப் போகும் ஊர்ப் பெரியவர்களுக்கும், உறவினர்களுக்கும், சமயப் போதகர்களுக்கும், சமரசம் பேசுவோருக்கும் ஒரு திறந்த மடல்

கொடிய தீங்கு செய்தவரை மன்னிப்பது என்றால், அவர்மேல் கொள்வதற்கு முழு நியாயம் உள்ள பகையைப் பாதிக்கப்பட்டவர் தாமே முன்வந்து இறக்கிவைப்பது. இந்த வரையறையில் ஒவ்வொரு சொல்லும் தேவைப்படுகிறது. நியாயமில்லாத பகையைக் கைவிடுவது தன் தவறைத் திருத்திக்கொள்வது. அதற்கு மன்னிப்பு என்று பெயரில்லை. பிறர் வற்புறுத்தலால் கைவிட்டால் அது பணிந்துபோவது. பாதிக்கப்படாத ஒருவர் "மன்னித்தேன்" என்று அறிவித்தால், தன்னிடம் இல்லாததை அவர் தானம் கொடுக்கிறார்.

தமிழில் இதற்குப் பழைய சொல் பொறை. பொறு என்ற வினைக்குச் சுமத்தல், தாங்குதல் என்ற பொருள் உண்டு. பொறுமையும் பொறுப்பும் அதே வேரில் கிளைத்தவை. ஒருவர் பொறுத்துக்கொண்டார் என்று தமிழ் சொல்லும்போது, அவருடைய பாரம் கரைந்துபோனதாகச் சொல்வதில்லை. அதை அவர் சுமக்கிறார் என்றே சொல்கிறது. மேடைகளில் புழங்கும் 'மறப்போம், மன்னிப்போம்' என்ற தொடர் இதற்கு நேர்மாறான எண்ணத்தை உண்டாக்கிவிட்டது. மறந்துபோனவரிடம் மன்னிப்பதற்கு எதுவும் மீதியிருக்காது. மன்னிக்கிறவருக்கோ அந்த நாளும் நேரமும், அன்று உடுத்தியிருந்த துணியின் நிறமும்கூட நினைவில் இருக்கும். அத்தனையும் நினைவிருக்கும்போதே செய்வதால்தான் அது அரிய செயலாகிறது.

'மன்னிப்பு' என்ற ஒரே சொல் இன்று பல வேலைகளைச் சுமக்கிறது. பேருந்தில் காலை மிதித்தவர் கேட்பதும் மன்னிப்பு. அரசமைப்புச் சட்டத்தின் 72ஆம், 161ஆம் பிரிவுகளின்படி குடியரசுத் தலைவரும் ஆளுநரும் வழங்குவதும் மன்னிப்பு. மகளைக் கொன்றவனைத் தாய் மன்னிப்பதற்கும் அதே சொல்தான். முதலாவது வெறும் மரியாதை. இரண்டாவது அரசின் அதிகாரம். அது தண்டனையைக் குறைக்கலாம், நீக்கலாம், ஆனால் யாருடைய உள்ளத்தின் சார்பிலும் பேச முடியாது. மூன்றாவதைப் பற்றியே இங்கே பேச்சு. தீங்கு செய்தவரோடு மீண்டும் உறவாடுவதும் இதில் அடங்காது. தன்னை அடித்து நொறுக்கிய கணவனை ஒரு பெண் மனமார மன்னிக்கலாம். அதற்காக அந்த வீட்டுக்குத் திரும்பியாக வேண்டியதில்லை. மன்னிக்க ஒருவர் போதும். இணங்கி வாழ இருவர் வேண்டும், அவர்களில் தீங்கு செய்தவர் திருந்தியும் இருக்க வேண்டும்.

மன்னிப்பின் ஆற்றலைக் காட்ட அறிவுரையாளர்கள் அடிக்கடி எடுத்துச் சொல்லும் நிகழ்ச்சி ஒன்று உண்டு. கேரளத்தின் எறணாகுளம் மாவட்டத்தில் புல்லுவழி என்ற ஊரில் 1954இல் பிறந்தவர் ராணி மரியா. பிரான்சிஸ்கன் கிளாரிஸ்ட் சபையைச் சேர்ந்த கன்னியர். மத்தியப் பிரதேசத்தின் தேவாஸ் மாவட்டத்திலுள்ள உதய்நகரில் பழங்குடி மக்களோடு வேலை செய்தார். வட்டிக்குக் கடன் வாங்கி மீள முடியாமல் கிடந்த ஏழை உழவர்களையும் கூலிக்காரர்களையும் ஒன்றுசேர்த்து, வங்கிக் கடனும் அரசுத் திட்டங்களும் நேரே அவர்கள் கைக்கு வர வழிசெய்தார். வட்டித் தொழிலில் கொழுத்தவர்களுக்கு அது கண்ணை உறுத்தியது. 1995 பிப்ரவரி 25 அன்று இந்தூருக்குச் செல்லும் பேருந்தில், மற்றப் பயணிகள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே, ஏவிவிடப்பட்ட ஓர் இளைஞன் அவரைக் கத்தியால் குத்திக் கொன்றான். உடலில் 54 காயங்கள் இருந்தன.

ராணி மரியாவின் தங்கை செல்மி பாலும் அதே சபையின் கன்னியர். 2002 ஆகஸ்டில், ரக்ஷா பந்தனை ஒட்டி, அவர் இந்தூர் சிறைக்குப் போய் அந்தக் கொலையாளியின் மணிக்கட்டில் ராக்கிக் கயிறு கட்டினார். வட இந்திய வழக்கில் அந்தக் கயிறு ஒருவனை உடன்பிறந்தவனாக ஆக்கிவிடுகிறது. அக்காளை இழந்தவர், அந்த இழப்பை உண்டாக்கியவனையே சகோதரன் என்ற இடத்தில் ஏற்றுக்கொண்டார். ஆயுள் தண்டனையில் இருந்த அவனை விடுவிக்கும்படி பின்னர் குடும்பத்தாரும் சபையினரும் எழுதிக் கொடுத்தார்கள். 2006இல் விடுதலையானான். புல்லுவழிக்குச் சென்று அந்தக் குடும்பத்தாரைச் சந்தித்தான். 2017 நவம்பர் 4 அன்று இந்தூரில் ராணி மரியாவுக்கு அருளாளர் பட்டம் வழங்கப்பட்டது.

இதில் மன்னிப்பு செய்த வேலை என்ன என்று பார்ப்பது பயனுள்ளது. சிறைக்குள் இருந்த ஆண்டுகளில் அவனுக்குள் எரிந்துகொண்டிருந்தது வேறொரு பகை. தன்னை ஏவிவிட்டுப் பின்னர் கைகழுவியவர்களை வெளியே போனதும் பழிதீர்க்க வேண்டும் என்ற எண்ணத்தில் இருந்ததாக அவனே பிற்காலத்தில் சொல்லியிருக்கிறான். ஒரு கொலையின் வயிற்றில் இன்னொரு கொலை காத்திருந்தது. தண்டனையால் அதைத் தொட முடியவில்லை. சிறைக்குள்ளே தேடிவந்து, பெயர் சொல்லி அழைத்து, கையைப் பிடித்த ஒருத்தியின் செயல் அதை அணைத்தது. மன்னிப்பின் ஆற்றல் என்று எதையாவது சுட்டிக்காட்ட வேண்டுமானால், இதைச் சுட்டலாம்.

ஆனால் இந்த நிகழ்ச்சியை மேற்கோள் காட்டுகிறவர்கள் பெரும்பாலும் ஒரு கணக்கை விட்டுவிடுகிறார்கள். கொலைக்கும் கயிற்றுக்கும் இடையே ஏழரை ஆண்டுகள் உள்ளன. அதற்குள் வழக்கு நடந்தது, தீர்ப்பு வந்தது, குற்றவாளி சிறையில் இருந்தான். அக்காளின் உடல் மண்ணுக்குள் போன மறுவாரம் வாசலில் வந்து உட்கார்ந்து கேட்டு வாங்கப்பட்ட மன்னிப்பல்ல அது.

அதே இந்தூரில், அதே கயிற்றை வைத்து, நேர் எதிரான ஒன்றும் நடந்தது. ஒரு பெண்ணின் வீட்டுக்குள் புகுந்து அவரிடம் தகாத முறையில் நடந்துகொண்ட வழக்கில் குற்றம் சாட்டப்பட்டவருக்கு, மத்தியப் பிரதேச உயர் நீதிமன்றத்தின் இந்தூர் அமர்வு 2020 ஜூலை 30 அன்று ஜாமீன் வழங்கியது. நிபந்தனை இதுதான்: ரக்ஷா பந்தன் நாளில் இனிப்புப் பெட்டியோடு அந்தப் பெண்ணின் வீட்டுக்குப் போய், தனக்கு ராக்கி கட்டும்படி அவரைக் கேட்க வேண்டும், அண்ணன் தங்கைக்குத் தரும் சீராக 11,000 ரூபாய் கொடுக்க வேண்டும். யாரைப் பார்த்தால் அந்தப் பெண்ணுக்கு உடல் நடுங்குமோ அந்த ஆளை, அதே வாசலுக்கு, நீதிமன்ற ஆணையோடு அனுப்பிவைத்தது அந்த உத்தரவு. பெண் வழக்கறிஞர்கள் சிலர் இதை எதிர்த்து உச்ச நீதிமன்றம் சென்றார்கள். 2021 மார்ச் 18 அன்று உச்ச நீதிமன்றம் அந்த நிபந்தனையை ரத்து செய்தது. இத்தகைய வழக்குகளில் குற்றம் சாட்டப்பட்டவரும் பாதிக்கப்பட்டவரும் சந்திக்க நேரும் நிபந்தனைகளை விதிக்கக் கூடாது, சமரசத்தையோ திருமணத்தையோ நீதிமன்றம் பரிந்துரைக்கக் கூடாது என்றும் வழிகாட்டியது.

ஊரும் கயிறும் ஒன்றாயிருந்தும் ஒன்று மனிதர் செய்யக்கூடிய செயல்களில் ஆக உயர்ந்தது, மற்றது பட்ட காயத்தின்மேல் இன்னொரு காயம். செல்மி பாலால் கட்டாமல் இருந்திருக்க முடியும். கட்டாமல் இருந்திருந்தால் யாரும் அவரைக் குறை சொல்லியிருக்க முடியாது. மறுக்கும் உரிமை அப்படி முழுதாக அவர் கையில் இருந்ததால்தான் அவர் கொடுத்ததற்கு மதிப்பு வந்தது. உத்தரவு போட்டு வாங்கும்போது பறிபோவது அந்த உரிமைதான். ஊர்ப் பெரியவரின் அறிவுரைக்கும் இது பொருந்தும். பெரியவரின் சொல் சட்டப்படி உத்தரவாகாது. ஆனாலும் அந்த ஊரில் வாழ்ந்தாக வேண்டிய குடும்பத்துக்கு அது உத்தரவாகவே காதில் விழும். மறுத்தால் 'கல்நெஞ்சக்காரி' என்ற பட்டம் காத்திருக்கும். அந்தப் பட்டத்துக்கு அஞ்சித் தலையாட்டுகிற பெண் யாரையும் மன்னிக்கவில்லை, வாயை மூடிக்கொள்கிறாள்.

தமிழ்நாட்டிலும் இப்படியோர் உத்தரவு வந்தது. 2015 ஜூனில் சென்னை உயர் நீதிமன்றம், சிறு வயதுப் பெண்ணைப் பாலியல் வன்முறைக்கு ஆளாக்கிய குற்றத்தில் தண்டனை பெற்றவருக்கு, அந்தப் பெண்ணோடு சமரச மையத்தில் பேச வசதியாக ஜாமீன் வழங்கியது. அந்தப் பெண் உடன்படவில்லை. அடுத்த மாதத் தொடக்கத்தில், வேறொரு வழக்கில், பாலியல் வன்முறைக் குற்றத்தில் சமரசத்துக்கு எந்தச் சூழ்நிலையிலும் இடமில்லை என்று உச்ச நீதிமன்றம் கண்டிப்பாகக் கூறியது. உயர் நீதிமன்றம் தன் உத்தரவைத் திரும்பப் பெற்றது. பேச மாட்டேன் என்று சொன்ன அந்தப் பெண்ணின் துணிவு, மன்னித்தவர்களின் துணிவுக்கு ஓர் இம்மியும் குறைந்ததல்ல.

மன்னிப்பும் தண்டனையும் ஒன்றையொன்று விழுங்க வேண்டியதில்லை என்பதைக் கிளாடிஸ் ஸ்டெயின்ஸ் தெளிவாகக் காட்டினார். அவருடைய கணவர் கிரகாம் ஸ்டெயின்ஸ் ஆஸ்திரேலியர். 1965இல் இந்தியாவுக்கு வந்து ஒடிசாவின் பாரிபதாவில் தொழுநோயாளிகளுக்கான இல்லத்தில் பணிபுரிந்தவர். 1999 ஜனவரி 22 நள்ளிரவை ஒட்டி, கியோஞ்சர் மாவட்டத்தின் மனோகர்பூர் கிராமத்தில், தம் வண்டிக்குள் உறங்கிக்கொண்டிருந்த அவரையும் 10 வயது பிலிப்பையும் 6 வயது திமோத்தியையும் ஒரு கும்பல் உயிரோடு எரித்தது. மகள் எஸ்தரோடு தனித்து விடப்பட்ட கிளாடிஸ், கொலையாளிகள்மீது தமக்குப் பகையில்லை, மன்னிக்கிறேன் என்று அறிவித்தார். 2004 வரை பாரிபதாவிலேயே தங்கி அந்த இல்லத்தை நடத்தினார். 2005இல் இந்திய அரசு அவருக்குப் பத்மஸ்ரீ விருது அளித்தது.

வழக்கு தன் வழியில் போனது. 2003இல் விசாரணை நீதிமன்றம் முதன்மைக் குற்றவாளிக்கு மரண தண்டனை விதித்தது. 2005இல் ஒரிசா உயர் நீதிமன்றம் அதை ஆயுள் தண்டனையாகக் குறைத்தது. 2011 ஜனவரி 21 அன்று உச்ச நீதிமன்றம் ஆயுள் தண்டனையை உறுதிசெய்தது. தமது மன்னிப்பையும் குற்றத்துக்குச் சட்டம் தரும் விளைவையும் ஒன்றோடொன்று குழப்ப வேண்டாம் என்பதே கிளாடிஸின் நிலை. அவர் தூக்குக் கயிற்றைக் கேட்கவும் இல்லை, வழக்கைக் கைவிடும்படி வேண்டவும் இல்லை. தம்மிடம் இருந்ததை மட்டும் கொடுத்தார். அரசிடம் இருந்தது அரசின் கையில் இருந்தது.

திருக்குறளின் அமைப்பும் இப்படியே இருக்கிறது. தீங்கு செய்தவரைப் பொறுத்துக்கொள்வதைப் பேசும் பொறையுடைமை, அறத்துப்பாலில் இல்லறவியலில், 16ஆம் அதிகாரமாக நிற்கிறது. அது தனி மனிதருக்கான அறம். கொலைகாரரைத் தண்டிப்பதைப் பயிருக்குக் களையெடுப்பதோடு ஒப்பிடும் குறளோ பொருட்பாலில், செங்கோன்மை என்ற 55ஆம் அதிகாரத்தில், அரசனுக்காகச் சொல்லப்பட்டது. இரண்டையும் எழுதியவர் ஒருவரே. குடும்பத்தலைவி மன்னிக்கலாம் என்றால் அரசன் களையெடுக்காமல் இருக்கலாம் என்று அவர் சொல்லவில்லை. இன்றைய சட்டமும் அதே கோட்டைக் கிழித்திருக்கிறது. 2024 ஜூலை முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 359ஆம் பிரிவு, இரு தரப்பும் ராஜியாகப் போகக்கூடிய குற்றங்களைப் பட்டியலிடுகிறது. கொலையும் பாலியல் வன்முறையும் அந்தப் பட்டியலில் இல்லை. அவை ஒரு வீட்டாருக்கு மட்டும் செய்த தீங்காகக் கருதப்படுவதில்லை. எனவே "நீங்கள் மன்னித்துவிட்டால் கேஸ் முடிந்துவிடும்" என்று கொலை நடந்த வீட்டில் சொல்லப்படும் வாக்குறுதி பொய். அந்தப் பொய்க்கு மயங்கிய சாட்சிகள் பிறழ்சாட்சிகளாவதுதான் மிச்சம்.

யார் மன்னிக்கலாம் என்ற கேள்வி இதைவிடக் கடினமானது. நாஜி வதைமுகாம்களில் இருந்து உயிர்தப்பிய சைமன் வீசெந்தால், 'சூரியகாந்தி' என்ற தமது நூலில் ஒரு சம்பவத்தை எழுதினார். அவர் கைதியாக இருந்தபோது, சாகக் கிடந்த எஸ்.எஸ். படைவீரன் ஒருவன் அவரைத் தன் படுக்கைக்கு அழைத்துவரச் செய்து, யூதக் குடும்பங்களை வீட்டோடு எரித்ததை ஒப்புக்கொண்டு, ஒரு யூதர் என்ற முறையில் அவரிடம் மன்னிப்புக் கேட்டான். வீசெந்தால் ஒன்றும் பேசாமல் வெளியேறினார். தாம் செய்தது சரியா என்ற கேள்வி அவரை விடவில்லை. நூலின் பிற்பகுதியில் பலருடைய பதில்களையும் கேட்டு வாங்கிச் சேர்த்தார். அந்தப் படைவீரனை மன்னிக்கும் உரிமை எரிந்துபோனவர்களிடம் இருந்தது. அவர்கள் இல்லை. கொலையின் ஆழம் இதில்தான் தெரிகிறது: மன்னிக்கக்கூடிய முதல் ஆளையே அது அழித்துவிடுகிறது. எஞ்சியவர்கள் தமக்கு நேர்ந்ததை மட்டுமே மன்னிக்க முடியும். தாய் மகனை இழந்த தன் துயரத்துக்காக மன்னிக்கலாம். மகன் பட்ட வலிக்காக அவளாலும் மன்னிக்க முடியாது.

இந்த எல்லையைக் கூர்மையாக உணர்ந்தவர் ஈவா மோசஸ் கோர். ஆஷ்விட்ஸ் வதைமுகாமில் மெங்கெலெ என்ற மருத்துவரின் சோதனைகளுக்கு இரட்டையர் என்பதால் உட்படுத்தப்பட்ட சிறுமிகளில் அவரும் ஒருவர். அவருடைய அக்காமாரும் பெற்றோரும் திரும்பவில்லை. முகாம் விடுவிக்கப்பட்ட 50ஆம் ஆண்டில், 1995 ஜனவரியில், அதே இடத்தில் நின்று நாஜிகளை மன்னிப்பதாக அறிவித்தார். தம் பெயரால் மட்டுமே அதைச் செய்வதாகவும் சொன்னார். இருந்தும் உயிர்தப்பிய வேறு பலருக்கு அது ஆறாத வருத்தம். 2015இல், ஆஷ்விட்சில் கணக்கராக இருந்த ஆஸ்கர் கிரோனிங் ஜெர்மனியில் விசாரிக்கப்பட்டபோது, கோர் சாட்சி சொன்னார். அந்த முதியவரின் கையைப் பற்றவும் செய்தார். உடன் வழக்காடிய மற்றவர்கள் அதை வெளிப்படையாக மறுத்துரைத்தார்கள். இரு தரப்பும் தங்கள் தங்கள் காயத்துக்கு உண்மையாக இருந்தார்கள். ஒருவருடைய மன்னிப்பை எடுத்து மற்றவருக்கு அளவுகோலாக நீட்ட யாருக்கும் உரிமையில்லை.

திருப்பெரும்புதூரில் 1991 மே 21 அன்று ராஜீவ் காந்தி கொல்லப்பட்ட குண்டுவெடிப்பிலும் இதே எல்லை தெரிகிறது. அவருடைய குடும்பம், அந்த வழக்கில் மரண தண்டனை பெற்ற நளினியைத் தூக்கிலிட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டது. 2000இல் நளினியின் மரண தண்டனை ஆயுளாகக் குறைக்கப்பட்டது. 2008 மார்ச்சில் பிரியங்கா வேலூர் சிறையில் அவரைச் சந்தித்தார். தந்தையைப் பறிகொடுத்த மகள் அந்தச் சிறைக்குள் போனதில் பெருமை உண்டு. ஆனால் அந்த இரவில் காவலர்களும் கட்சித் தொண்டர்களும் இறந்தார்கள், பலர் உடலில் குண்டுச் சிதறல்களோடு பிழைத்தார்கள். 2022 நவம்பரில் தண்டனை பெற்றவர்களில் எஞ்சிய ஆறு பேரும் விடுதலையானபோது, அந்தக் குடும்பங்களிலும் காயம்பட்டவர்களிலும் சிலர் எதிர்த்துக் குரல் கொடுத்தார்கள். பெரிய வீட்டின் மன்னிப்பு அவர்களுடைய கணக்கையும் சேர்த்துத் தீர்த்துவிடவில்லை.

நிறவெறி ஆட்சிக்குப் பின் ஒரு நாடே மன்னிப்புக்கு வழி தேடிய முயற்சியாகத் தென்னாப்பிரிக்காவின் உண்மை மற்றும் நல்லிணக்க ஆணையத்தைச் சொல்ல வேண்டும். 1995ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, பேராயர் டெஸ்மண்ட் டூட்டு தலைமையில் அமைந்த அது, 1996 ஏப்ரலில் தன் பொது விசாரணையைத் தொடங்கியது. 21,000க்கும் மேற்பட்ட பாதிக்கப்பட்டவர்கள் வாக்குமூலம் அளித்தார்கள். அரசியல் நோக்கத்தோடு குற்றம் செய்தவர், செய்ததை முழுவதும் ஒளிக்காமல் சொன்னால் பொதுமன்னிப்புப் பெறலாம். 7,112 பேர் விண்ணப்பித்தார்கள். 849 பேருக்கே கிடைத்தது. இரண்டு செய்திகளைக் கவனிக்க வேண்டும். வருத்தம் தெரிவிக்க வேண்டும் என்று சட்டம் கட்டாயப்படுத்தவில்லை. வராத கண்ணீரை வரவழைத்து நடிக்கவைக்க அது விரும்பவில்லை. பாதிக்கப்பட்டவரும் மன்னிக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. பொதுமன்னிப்பு அரசு கொடுத்தது. மன்னிப்பைக் கொடுப்பதும் மறுப்பதும் அந்தந்தத் தாயின் கையில் இருந்தது.

அங்கே ஏமி பீல் என்ற அமெரிக்க மாணவியின் பெற்றோர் எடுத்த முடிவு உலகறிந்தது. நிறவெறி ஆட்சி முடிந்து தேர்தல் வர உழைத்துக்கொண்டிருந்த அந்த 26 வயதுப் பெண்ணை, 1993 ஆகஸ்ட் 25 அன்று கேப்டவுனை ஒட்டிய குகுலெத்துவில், வெள்ளையர் என்பதற்காகவே ஒரு கும்பல் கொன்றது. தண்டனை பெற்ற நான்கு இளைஞர்கள் பொதுமன்னிப்பு கோரியபோது பெற்றோர் எதிர்க்கவில்லை. 1998இல் அது வழங்கப்பட்டது. மகளின் பெயரில் அவர்கள் தொடங்கிய அறக்கட்டளையில் அந்த நால்வரில் இருவர் பின்னாளில் வேலை செய்தார்கள். அதே நாட்டில், காவலில் அடித்துக் கொல்லப்பட்ட ஸ்டீவ் பிக்கோவின் குடும்பம் பொதுமன்னிப்புச் சட்டத்தையே எதிர்த்து அரசமைப்பு நீதிமன்றம் சென்றது. 1996இல் அந்த வழக்கு தோற்றது. ஆனால் பிக்கோவைக் கொன்ற காவலர்களுக்கு ஆணையம் பொதுமன்னிப்பை மறுத்தது. பீல் குடும்பத்தைப் புகழ்வதற்காகப் பிக்கோ குடும்பத்தைக் குறைத்துப் பேசுகிறவர் இரண்டையுமே புரிந்துகொள்ளவில்லை.

அந்த ஆணையத்துக்குப் பெருங்குறைகள் இருந்தன. ஆணையம் சுட்டிய பாதிக்கப்பட்டவர்களுக்குக் கடைசியில் 2003இல் அறிவிக்கப்பட்டது தலைக்கு 30,000 ராண்டு மட்டும். பொதுமன்னிப்புக் கிடைக்காதவர்கள்மீது தொடர வேண்டிய வழக்குகள் பல ஆண்டுகள் கிடப்பில் கிடந்தன. அதற்கான காரணத்தை ஆராய 2025இல் ஒரு விசாரணை ஆணையமே அமைக்க வேண்டியிருந்தது. இத்தனைக்கும் நடுவே அது ஒன்றைச் சரியாகப் பிடித்தது: முதலில் உண்மை. என்ன நடந்தது, யார் செய்தார்கள், உடல் எங்கே புதைந்திருக்கிறது என்பது தெரியாமல் மன்னிப்பதற்குப் பொருளே கிடையாது.

இலங்கையின் வடக்கில் இந்த உண்மை இன்னும் வரவில்லை. காணாமல் ஆக்கப்பட்டோரின் உறவுகள் 2017 பிப்ரவரி 20 அன்று கிளிநொச்சியில் கந்தசுவாமி கோயில் முன்றலில் தொடர் போராட்டம் தொடங்கினார்கள். இரண்டாண்டு கழித்து, 2019 பிப்ரவரியில், அன்றைய பிரதமர் ரணில் விக்கிரமசிங்க அதே கிளிநொச்சியில் மறப்போம் மன்னிப்போம் என்ற கருத்துப்படப் பேசினார். படையினரிடம் தன் கையாலேயே பிள்ளையை ஒப்படைத்த தாய் ஒருத்தி எதை மன்னிப்பது? பிள்ளை கொல்லப்பட்டானா, எங்காவது அடைபட்டிருக்கிறானா என்பதே அவளுக்குச் சொல்லப்படவில்லை. கொலையை மன்னித்தால் பிள்ளை செத்துவிட்டான் என்று அவளே ஒப்புக்கொண்டதாகும். பதில் கிடைக்காமலே அந்தத் தாய்மாரில் பலர் இறந்துவிட்டார்கள். அவர்களிடம் மன்னிப்பை எதிர்பார்த்தது, குற்றத்தை ஒப்புக்கொள்ளாதவர்கள் செய்த இரண்டாவது தீங்கு.

மன்னிப்பதால் மன்னிப்பவருக்கு நன்மை உண்டு என்பதும் அறிவுரைகளில் தவறாமல் வரும். ஓரளவு உண்மைதான். அமெரிக்காவின் ஹோப் கல்லூரியில் ஷார்லட் விட்லியட் குழுவினர் 71 மாணவர்களை வைத்துச் செய்து 2001இல் வெளியிட்ட ஆய்வில், தமக்குத் தீங்கு செய்தவரை நினைத்துக் கறுவிய நேரத்தில் இதயத் துடிப்பும் இரத்த அழுத்தமும் கூடின. மன்னிப்பதாக எண்ணிப்பார்த்த நேரத்தில் அந்த ஏற்றம் குறைவாக இருந்தது. ஆய்வுக்கூடத்தில் சில நிமிடம் எண்ணிப்பார்த்ததற்கும் பெற்ற பிள்ளையின் கொலைக்கும் உள்ள தூரத்தை மறந்துவிட்டு இதை நீட்டக் கூடாது. எவரெட் வொர்திங்டன் என்ற உளவியலாளர் இதில் கூடுதல் உதவி செய்கிறார். அவர் மன்னிப்பைப் பல ஆண்டுகள் ஆராய்ந்தவர். அவருடைய தாய், 1996 புத்தாண்டையொட்டி டென்னசியில் வீடு புகுந்த ஒருவனால் அடித்துக் கொல்லப்பட்டார். பழிவாங்குவதில்லை என்ற தீர்மானம் ஒன்று, உள்ளத்தின் கசப்பு மாறுவது வேறொன்று என்று அவர் பிரித்துக் காட்டுகிறார். தீர்மானம் ஒரே இரவில் வரலாம். கசப்பு தன் போக்கில்தான் இறங்கும். சிலருக்கு இறங்காமலே போகும். தீர்மானித்தவர் நினைவுநாள் வந்ததும் மறுபடி கொதிப்பது பொய்யோ பின்வாங்குதலோ இல்லை.

தமிழ் மரபு இந்த இரண்டு மனநிலைகளுக்கும் இடம் கொடுத்திருக்கிறது. திருக்கோவலூர் மன்னர் மெய்ப்பொருள் நாயனாரைப் பகைவன் முத்தநாதன் திருநீறு பூசிய அடியார் வேடத்தில், ஏட்டுக் கட்டுக்குள் கத்தியை மறைத்து வந்து குத்துகிறான். வாளை ஓங்கிய மெய்க்காவலன் தத்தனைத் தடுத்து, கொன்றவனை ஊருக்கு வெளியே பத்திரமாகக் கொண்டுபோய் விடச் சொல்கிறார் நாயனார். சினந்து வழிமறித்த மக்களைத் தாண்டி அவனை விட்டுவிட்டு வந்தேன் என்று தத்தன் சொல்லும்வரை உயிரைப் பிடித்துவைத்திருக்கிறார். குத்துப்பட்டவர் தாமே கொடுத்த கட்டளை அது. அருகில் நின்ற எவரும் அவருக்கு அறிவுரை சொல்லவில்லை. கண்ணகியோ பாண்டியனின் அவையில் சிலம்பை உடைத்து உண்மையை நிறுவினாள். அரசன் உயிர் துறந்த பிறகும் அவள் சினம் தணியவில்லை, மதுரை எரிந்தது. அவளிடம் போய்ப் பொறுத்துப்போ என்று சொல்லாத சமுதாயம், அவளுக்குக் கல் எடுத்துக் கோயில் கட்டியது. நாயனாரையும் கண்ணகியையும் வணங்கத் தெரிந்த ஊரில், மன்னிக்காத பெண்ணுக்கும் மரியாதையான இடம் இருக்க வேண்டும்.

தீங்கு நடந்த வீட்டில் பெரியவர்களுக்கு வேலை இல்லாமல் இல்லை. முதல் தகவல் அறிக்கையின் நகலை வாங்கித் தரலாம். வாய்தா வாய்தாவாக இழுக்கும் வழக்குக்கு ஒவ்வொரு தேதியிலும் துணைக்குப் போகலாம். எதிர்த்தரப்பின் ஆட்கள் கூடி நிற்கும் நீதிமன்ற வராந்தாவில் பக்கத்தில் ஒருவர் நிற்பது பெரிய பலம். மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழுவில் இழப்பீட்டுக்கும் இலவச வழக்கறிஞருக்கும் விண்ணப்பம் எழுதித் தரலாம். இறந்தவரின் பெயரை ஊர் மறந்துவிடாமல் பேசிக்கொண்டிருக்கலாம். மன்னிப்பைப் பற்றிப் பாதிக்கப்பட்டவரே என்றாவது பேச்செடுத்தால், குறுக்கே பேசாமல் கேட்கலாம்.

இன்னொரு வேலை பெரும்பாலும் செய்யப்படாமலே கிடக்கிறது. சமரசம் பேச வருகிறவர்கள் அநேகமாகப் பாதிக்கப்பட்டவர் வீட்டுக்கே நேராக வருகிறார்கள். செல்வாக்கு உள்ள பெரியவருக்குக் குற்றம் செய்தவரின் வீடும் தெரிந்த வீடுதான். அங்கே போய் உட்கார்ந்து, நடந்ததை ஒளிக்காமல் சொல், கூட இருந்தவர்கள் யார் என்று சொல், சாட்சிகளை மிரட்டாதே, தண்டனையை ஏற்றுக்கொள் என்று சொல்லலாம். அந்த வீட்டுத் திண்ணையில் இந்தப் பேச்சு நடக்கும்வரை, எதிர்வீட்டுக் கதவைத் தட்ட வேண்டியதில்லை.